வெள்ளை உடுப்புக்கு ஒரு லாச்சி

எங்கள் கெப் வண்டியின் பின்தட்டில் முழங்காலிட்டு இருந்துகொண்டு, சில்லுக்கு மேலே கவிழ்த்த சட்டிபோல எழும்பி நிற்கிற தகரத்தைச் சுற்றித் தையல் நாடாவைப் பிடித்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கச்சான் காற்று ஓட்டமாவடியின் புழுதி முழுவதையும் எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த மாதம் அது. கீழே என் புருஷன் ரிஸ்கான் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்றார். நான் அளவைச் சொல்லச் சொல்ல எடுத்து ஒரு பலகைத் துண்டில் எழுதுவார், திரும்பவும் செருகுவார். ரோட்டால் போன அஸ்கர் சைக்கிளை நிறுத்தி எங்களை வேடிக்கை பார்த்தான். "என்ன ராத்தா, கெப்புக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டான். "ஓம் தம்பி, மிஞ்சுற துணியில உங்கட வாய்க்கும் ஒரு மூடி தச்சித் தாறன்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

பெட்டி என்றால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பின்தட்டின் நீள அகலத்துக்கு ஒரு பலகைக் கூடு. பின்கதவைத் திறந்தால் மேசை லாச்சிபோல இழுத்தெடுக்கிற மூன்று லாச்சிகள். மேலே தட்டையாக ஒரு மூடி, முன்னால் ஒரு பூட்டு. உள்ளே மழை இறங்கக்கூடாது, புழுதி ஏறக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், ஊரார் ஒருவருடைய சாமானும் அதற்குள் போகக்கூடாது. நான் தைப்பது பள்ளிக்கூட உடுப்பு. முழுக்க வெள்ளை. கறுப்பில் தைக்கிறவளுக்கு வாழ்க்கை லேசு. வெள்ளையில் தைக்கிறவள் தன் மூச்சைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

முந்தி காத்தான்குடிக் கடையொன்றுக்குத் தைத்துக் கொடுத்தேன். மூட்டையாக வெட்டிய துணி வரும், மூட்டையாகத் தைத்த துணி போகும், யார் உடுத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, யார் தைத்தது என்று அவர்களுக்கும் தெரியாது. கட்டாரிலிருந்து வந்த இவர் பழைய கெப் ஒன்றை வாங்கி ஆற்றுக்கு அப்பால் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் ஏற்றத் தொடங்கியபோது, வீட்டில் இருந்து இருந்து அலுத்துப்போய் ஒருநாள் நானும் முன்சீட்டில் ஏறிப் போனேன். ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்திக்குத் தோள் முழங்கைக்குத் தொங்குகிறது, இன்னொருத்திக்குக் கை தூக்கினால் வயிறு தெரிகிறது. டவுனில் வாங்கிய உடுப்பு. எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. "ஒவ்வொரு புள்ளையா அளவெடுத்துத் தச்சா என்ன?" என்றேன். சங்கத்துத் தலைவி சர்மிளா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நீங்களே தையுங்களன் அக்கா" என்றாள். அன்றைக்கே தையல் நாடாவைத் தேடினேன், கைப்பைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு கடை மூட்டைக்கு நான் கை வைக்கவில்லை. என் பெயரைச் சொல்லி, என்னிடம்தான் வேண்டும் என்று கேட்கிற மனிதர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதில்தான் போன வருஷம் மண் விழுந்தது.

இவருக்கு எல்லாம் வரும். எஞ்சின் திறக்க வரும், பலகை சீவ வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து ஈரம் சொல்ல வரும். 'இல்லை' என்கிற ஒரு சொல்தான் வராது. கெப் எங்களுடையது என்று பேர்தான். அதில் குர்பான் மாடு ஏறியிருக்கிறது, கலியாணக் கதிரை ஏறியிருக்கிறது, பள்ளிவாசலுக்குக் கல் ஏறியிருக்கிறது, யாரோ ஒருவருடைய மாமியார் தன் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நான் சொன்னால், "அவனுக்கு அவசரமாம் ஹப்ஸா" என்பார். அவசரமில்லாத மனிதன் ஒருவனை இந்த ஊரில் நான் இன்னும் காணவில்லை.

அடுத்த ஒழுங்கையில் சரீப் காக்கா இருக்கிறார். கடற்கரையில் மீன் காயப்போட்டுக் கருவாடு விற்கிறவர். நல்ல மனிதர், ஒருவருடைய வம்புக்கும் போகாதவர். போன மார்கழியில், நான் உடுப்புக் கொண்டுபோவதற்கு முதல்நாள் கெப்பைக் கேட்டார். இவரும் கொடுத்தார். சரீப் காக்கா கெப்பைக் கழுவித்தான் கொண்டுவந்து விட்டார், அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் கருவாட்டைக் கழுவலாம், கருவாடு கிடந்த இடத்தைக் கழுவ முடியுமா? வழியில் மழை. தறப்பாளுக்கு அடியில் வெள்ளை உடுப்பெல்லாம் அந்த வெடுக்கு மணத்தைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. கொடுத்த இடத்தில் மழைக்குளிரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி, வெயில் எறித்து, பிள்ளைகள் வகுப்பில் நெருக்கியடித்து இருந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. சர்மிளா பஸ்ஸேறி எங்கள் வீட்டுக்கே வந்தாள். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். "அக்கா, கோவிக்காதீங்க. என்ட மகனை மற்றப் பிள்ளையள் கருவாடு எண்டு கூப்பிடுதுகளாம். பள்ளிக்குப் போக மாட்டன் எண்டு அழுறான்" என்றாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது எனக்கு.

அவ்வளவு உடுப்பும் திரும்பி வந்தது. கிணற்றடியில் குவித்துப் போட்டு, தேசிக்காயும் சவர்க்காரமும் நீலமுமாகக் கழுவினேன். யாரும் கூப்பிடாமல் சரீப் காக்காவின் பெண்சாதி ஆயிஷா உம்மா வந்து எதிரே குந்தினார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு சட்டையை எடுத்தார், கும்மத் தொடங்கினார். கை விரல் வெளிறித் தோல் சுருங்கும்வரை கும்மினார். எழும்பிப் போகும்போது, "காஞ்சா மணம் பெய்த்திரும் கா" என்று மட்டும் சொன்னார். அவர் புருஷனிடம் சொல்லியிருக்க மாட்டார், சரீப் காக்காவுக்கு விஷயம் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் சர்மிளா திரும்ப வந்தபோது அவளுக்கே தயக்கம். "மற்றப் பொம்பிளையள் டவுனிலயே வாங்குவம் எண்டு நிக்கிறாங்க அக்கா. நான்தான் இன்னொருக்காப் பாப்பம் எண்டன்" என்றாள். இன்னொருக்கா. அதற்குப் பிறகு ஒன்று இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு இரவு சோறு போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன்: "கெப்புக்குப் பெட்டி அடிக்கோணும். அடிச்சா மறுகா ஆரும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் ஏத்த இடமில்ல." இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே "சரி" என்றார். இவர் வேறென்ன சொல்வார்?

வீட்டைத் திருத்தியபோது கழற்றி வைத்த ஜன்னல் சட்டங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தன. கூட்டுக்கு அதை வைத்துக்கொண்டு, லாச்சிக்கும் மூடிக்கும் மட்டும் ப்ளைவுட் வாங்கினோம். சில்லு மேடு இரண்டு பக்கமும் இடத்தைத் தின்றது. அதனால் லாச்சிகளை நடுவில் வைத்து, மேட்டுக்கு முன்னும் பின்னும் மிஞ்சிய மூலைகளில் கத்தரிக்கோலுக்கும் நூலுக்கும் சட்டைத் தெறிகளுக்கும் சின்னத் தட்டுகள் வைக்கலாம் என்றேன். உடுப்பில் மிஞ்சிய துணியைப் பொக்கெட்டாக்குகிற புத்திதான். இவருக்கு அது பிடித்துக்கொண்டது. "நீ தச்சு வேலைக்கும் போகலாம் புள்ள" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

தலை கனத்தால் கை தவறும். கூட்டுக்கு அகலம் சொன்னபோது, நாடாவில் கண்டதோடு இரண்டு பக்கமும் அரை அங்குலம் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. இத்தனை வருஷம் துணி வெட்டிய கை, தையலுக்கு விடாமல் எந்த அளவையும் சொல்லாது. இவர் அப்படியே அறுத்தார், அப்படியே அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் மகள் நிஸ்றாவுமாகக் கூட்டைத் தூக்கிக் கெப்பில் வைத்தால் அது உள்ளே இறங்கவே இல்லை. இரண்டு விளிம்பிலும் முட்டிக்கொண்டு மேலே நிற்கிறது. நிஸ்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் அளவு எழுதிய பலகைத் துண்டைப் பார்த்தேன், பின்தட்டைப் பார்த்தேன், எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினால் கோபம் யார்மேல் வரும்? பக்கத்தில் நிற்கிறவர்மேல்தான்.

"அறுக்கக்குள்ள உங்களுக்குத் தெரியல்லயா?"

"தெரிஞ்ச."

"மறுகா ஏன் வாயத் தொறக்கல்ல?"

"நீ சொல்லிட்டாய். அதுக்கு மாட்டன் எண்டு எப்பிடிப் புள்ள சொல்ற?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஊராரிடம் இவருக்கு வராத அந்த 'இல்லை' என்னிடமும் ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டாரில் நல்ல வேலையில் இருந்தவரை 'தனியா இரிக்க ஏலா, வாங்க' என்று போனில் அழுதேன், வந்துவிட்டார். வவுணதீவுக்கு நானும் வருவேன் என்றேன், உறவுக்காரர்கள் முகம் சுளித்தும் கதவைத் திறந்துவிட்டார். ஊரார் இவரிடம் 'சரி' வாங்கியபோது இளிச்சவாய் என்று திட்டினேன், நான் வாங்கியபோது எனக்கு அது கண்ணில் படவில்லை. அன்று பின்நேரம் முழுக்க இவர் சட்டத்தின் ஓரத்தைச் சீவினார். நான் பக்கத்தில் குந்தியிருந்து சீவல்களைக் கூட்டினேன், பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

லாச்சி ஓடுவதற்கு மெழுகுதிரியைத் தேய்த்தோம். லாச்சி முகப்பைச் சுற்றி ஒட்டுவதற்கு, செத்துப்போன பிரிட்ஜின் கதவிலிருந்து ரப்பரை உரித்தெடுத்தேன். அது என்னுடைய யோசனை, அதில் எனக்குப் பெருமை உண்டு. மூடிக்கு மேலே பழைய பஸ் சீட்டின் ரெக்சினை இழுத்து அடித்தார். எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளைத் துண்டை லாச்சிக்குள் வைத்துப் பூட்டி, குழாய்த் தண்ணீரை நாலா பக்கமும் அடித்தோம். திறந்து பார்த்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், அல்ஹம்துலில்லாஹ். வெடுக்குக்கு என்று ஒரு சோதனை செய்யத் தோன்றவில்லை. இனிக் கருவாடு இந்தக் கெப்பில் ஏறாது என்பதுதானே பேச்சு!

பிறகு ஒருநாள் லாச்சிக்குள் கடதாசி விரிக்கக் குனிந்தபோது, கூட்டைப் பின்தட்டோடு பூட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். நாலு மூலையிலும் வண்ணாத்திப்பூச்சி நட். கையாலே திருகிக் கழற்றுகிற, செட்டை வைத்த நட்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அவசரத்துக்குக் கழட்டலாம்."

"ஆர்ர அவசரத்துக்கு?"

பெட்டியை அடித்ததே யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக. அந்தப் பெட்டியிலேயே கேட்கிறவனுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் நல்லாயிருந்திருக்கும். "சர்மிளாட மகனக் கருவாடு எண்டு கூப்பிட்ட எண்டு சொன்னனே, அது உங்களுக்குக் கேக்கல்லயா? ஊர்ல எல்லாருக்கும் நீங்க நல்லவர். எனக்கு மட்டும் எப்ப?" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இவர் எழும்பிப் போனார். அடுத்தநாள் நாலு மூலையிலும் ஸ்பனர் போட்டு இறுக்குகிற நட் இருந்தது. ஸ்பனரைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் போனார்.

கார்த்திகை மழை வந்து, வந்த மழை விட்டுவிட்டுப் பெய்து, மார்கழியும் வந்தது. நிஸ்றா அயன் பண்ணப் பண்ண, நான் சின்னப் பிள்ளைகளுடையதை ஒரு லாச்சியிலும், நடுத்தரத்தை ஒன்றிலும், பெரிய பிள்ளைகளுடையதை ஒன்றிலும் அடுக்கினேன். கொண்டுபோகிற நாள் காலையில் வானம் கறுத்துப்போய்க் கிடந்தது. கெப்பை ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சரீப் காக்கா வந்தார்.

"தம்பி, கெப்ப ஒருக்காத் தாறியா? காஞ்சதெல்லாத்தையும் ஏறாவூர்க் கடையில போட்டாச் சரி. மழை புடிச்சா முழுக்கப் புழுத்துப் பெய்த்திரும். ஓட்டோக்காரனுகள் மணம் எண்டு ஏத்துறானுகள் இல்ல."

ஏறாவூர் எங்கள் வழியில்தான். அது சரீப் காக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். நான் படியில் நின்று இவருடைய முதுகைப் பார்த்தேன். துடைக்கிற கை நின்றது.

"இல்ல காக்கா. ஏலா."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "சரி தம்பி. அல்லாஹ் இரிக்கான்" என்றார் சரீப் காக்கா. மடித்த சாரத்தை அவிழ்த்து விட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்.

எனக்குப் பெருநாள் மாதிரி இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட சொல். கேட்டால், பிளேன்ரீயில் சீனி போட மறந்ததுபோல வாய்க்குள் சப்பென்று இருந்தது. முன்சீட்டில் ஏறி இருந்தேன். இவர் ஏறிக் கதவைச் சாத்தினார். "இது லேசில்ல ஹப்ஸா." என்றார்.

டீசல் அடிக்க வரிசையில் நின்றதில் ஒரு மணித்தியாலம் போனது. ஓட்டமாவடிப் பாலத்தைக் கடக்கும்போது தூற்றல் விழத் தொடங்கியது. பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பஸ் நிற்கிற இடத்தில், எங்களுக்கு முன்னால் போன மட்டக்களப்பு பஸ் நின்றது. கொண்டக்டர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறான், பஸ் எடுபட்டுப் போகிறது. அது போன இடத்தில் சரீப் காக்காவும் ஆயிஷா உம்மாவும் சாக்குகளோடு நின்றார்கள். ஒரு சாக்கு சைக்கிள் கரியரில் இன்னும் கட்டியபடியே இருந்தது. ஆயிஷா உம்மா ஒரு பொலித்தீனை இரண்டு கையாலும் விரித்து, தலைக்குப் பிடிக்காமல், சாக்குகளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் கும்மிய அதே கை. இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணை நேரே ரோட்டில் குத்தி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை முறுக்கிப் பிழிவதுபோலப் பிடித்துக்கொண்டு, அவர்களைக் கடந்து போய்விட்டார்.

"நிப்பாட்டுங்க."

"நீதானே புள்ள சொன்ன."

"சொன்னன்தான். இப்ப நிப்பாட்டுங்க எண்டு சொல்றன்."

கெப் பின்னுக்கு வந்தது. நான் இறங்கினேன். சரீப் காக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்து வேண்டாம் என்று ஆட்டினார்.

"வேணா புள்ள. வெள்ள உடுப்பு ஏத்தி இரிக்கிற. போன வருசம் எங்களால பட்டது போதும். நீங்க போங்க."

தெரிந்திருக்கிறது. வருஷம் முழுக்கத் தெரிந்துகொண்டு, எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். தெரிந்தும் இன்றைக்கு வந்து கேட்டிருக்கிறார் என்றால் வேறு வழியில்லை என்றுதானே அர்த்தம்?

"காக்கா, பெட்டி அடிச்சிரிக்கி. பூட்டு இரிக்கி, ரப்பர் போட்டிரிக்கி. ஒண்டும் உள்ளுக்குப் போகாது. ஏத்துங்க" என்றேன். வாய்தான் சொன்னது. வயிறு வேறு சொன்னது.

மூடிக்கு மேலே சாக்குகளை அடுக்கினார்கள். இவர் அடித்த ரெக்சினுக்கு மேலே, என் லாச்சிகளுக்கு நேர் மேலே, சாக்குச் சாக்காகக் கருவாடு. தறப்பாளை இழுத்து மூடி, சைக்கிளையும் சாய்த்துக் கட்டி, சரீப் காக்கா அதற்கு அடியில் குந்திக்கொண்டார். ஆயிஷா உம்மா முன்சீட்டில் எனக்கும் கதவுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு இருந்தார். அவருடைய உடுப்பிலிருந்து நீர் சொட்டி என் அபாயா நனைந்தது. கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்தது. மழை இப்போது கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் போனதும் ஆயிஷா உம்மா கேட்டார்: "என்ன ரப்பர் கா போட்ட?"

"பிரிட்ஜ் கதவு ரப்பர்."

அவர் யோசித்தார். "பிரிட்ஜுக்குள்ள மீன் வெச்சா, பாலும் மணக்கிது என்ன?" என்றார். வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். இவர் இருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதத் தொடங்கினேன்.

ஏறாவூரில் கடை வாசலில் சாக்குகளை இறக்கிய பிறகு, சரீப் காக்கா தன் தோள் துண்டை மழையில் நனைத்து மூடியைத் துடைத்தார். பிழிந்தார், திரும்பத் துடைத்தார். மூலைமூலையாக, விளிம்பு விளிம்பாக. கடைக்காரன் கூப்பிட்டும் போகவில்லை. "போதும் காக்கா" என்று இவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆயிஷா உம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையிலும் கருவாடு மணந்தது. அந்த நேரம் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. டவுனை நெருங்கும்போதுதான் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் மூக்கு. என் மூக்கு செத்துப்போயிருந்தது. அபாயாவை மோந்தால் கருவாடு, கையை மோந்தால் கருவாடு, ஜன்னலைத் திறந்து மழைக்காற்றை இழுத்தாலும் கருவாடு. இனி லாச்சியைத் திறந்து நான் எதை மோந்து எதைக் கண்டுபிடிக்க? வலையிறவுப் பாலத்தில் ஏறினோம். ஆறு இரண்டு பக்கமும் மழையில் வெள்ளைவெளேரென்று கிடந்தது. "நிப்பாட்டி ஒருக்கா மோந்து பாருங்களன், மணக்கிதா எண்டு" என்று இவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்றார்.

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது வந்தாலும் சரி என்று விட்டுவிட்டேன். "மணந்தாத் திரும்பக் கழுவுவம். நானும் கும்முறன்" என்றார் இவர். கழுவினால் போகும். சர்மிளாவின் 'இன்னொருக்கா' கழுவி வருமா? அதை இவரிடம் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னது நான்.

மாதர் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பெண்கள் நெருங்கி நின்றார்கள். போன வருஷம் கெப் வந்து நின்றதும் ஓடிவந்து சூழ்ந்தவர்கள், இந்த முறை நின்ற இடத்தில் நின்றார்கள். சர்மிளா மட்டும் குடையோடு வந்தாள். "மழைக்குள்ள வந்திட்டீங்க அக்கா" என்றாள். கெப்பைப் பின்பக்கமாகத் தாழ்வாரத்துக்குக் கிட்ட விட்டோம். இவர் பின்கதவைத் திறந்து விழுத்தினார், பூட்டைத் திறந்தார், முதல் லாச்சியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஈரத்துக்குப் பலகை ஊதியிருந்தது. தையலுக்கு விடக்கூடாத இடத்தில் விட்டேன், விட வேண்டிய இடத்தில் விடவில்லை. இவர் காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தபோது, ரப்பர் பிரிட்ஜ் திறக்கிற அதே சத்தத்தோடு விட்டது. லாச்சி நீளமாக வெளியே வந்தது.

அடுக்கு குலையவில்லை. நிஸ்றா வைத்த மடிப்பு மடிப்பாகவே இருந்தது. அந்த இருட்டில் அவ்வளவு வெள்ளையையும் ஒன்றாகப் பார்க்க எனக்கே கண் கூசியது. நான் கையை நீட்டினேன், நீட்டிய கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

"நீங்களே எடுங்க சர்மிளா. என்ட கை ஈரம்" என்றேன்.

சர்மிளா குடையை மடக்கி வைத்தாள். இரண்டு கையையும் சீலையில் துடைத்தாள். மேலே இருந்தது அவளுடைய மகனின் சட்டை, நான்தான் அப்படி வைத்தேன். எடுத்து உதறினாள். தோளை இழுத்துப் பார்த்தாள், கொலரைத் திருப்பிப் பார்த்தாள், தெறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். தாழ்வாரத்தில் இருந்த பெண்களும் மெல்ல மெல்லக் கிட்ட வந்து லாச்சிக்குள் கை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இவர் லாச்சியின் கைப்பிடியை இன்னும் விடாமல் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சர்மிளா சட்டையை விரித்தபடியே முகத்துக்குக் கொண்டுபோனாள். மூச்சை இழுக்கிறாள் என்று அவளுடைய தோள் எழும்பியதில் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஆளுக்கொரு வெள்ளையை முகத்துக்கு எடுத்தார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் துணிக்கு மேலே சர்மிளாவின் நெற்றியும், அதில் மழை பட்டுக் கொஞ்சம் கரைந்த குங்குமமும் மட்டும் தெரிந்தன.